வாடையில்லாத எண்ணெய்

கல் அறுக்கிற மிஷினுக்கு எந்த எண்ணெயை ஊற்றுவது என்று ஒரு வீட்டில் ஆடி மாதம் முழுக்கப் பேச்சு நடந்தது என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். எனக்கும் அன்று சிரிப்பு வந்தது. நானும் ஓரமாக உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டு அந்தப் பேச்சில் மூக்கை நுழைத்தவன்தான். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

என் பெயர் மாயக்கண்ணன். காரைக்குடியை விட்டுத் தேவகோட்டை ரோட்டில் கொஞ்ச தூரம் வந்தால் என் மோட்டார் வைண்டிங் கடை. சுட்டுப்போன மோட்டார்களைப் பிரித்துப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது பிழைப்பு. கடைக்குப் பின்சந்தில் மரிய ஆனந்த் வீடு. அவன் கல் அறுக்கிறவன். கல் என்றதும் கிரானைட் என்று நினைக்க வேண்டாம். மகாராஷ்டிராப் பக்கமிருந்து சாக்கில் வருகிற அகேட் கல். வெளியே பார்த்தால் சேற்றில் புரண்ட சேப்பங்கிழங்கு போல இருக்கும். அறுத்தால் உள்ளே வளையம் வளையமாகச் சிவப்பும் வெள்ளையும் சாம்பலும் ஓடும். அதைத் தட்டையாக அறுத்துப் பாலிஷ் போட்டு, பெரிய வீடுகளை ஹோட்டலாக மாற்றி வைத்திருப்பவர்களுக்குக் கொடுப்பான். மேசை மேல் வைக்க, டம்ளருக்கு அடியில் வைக்க, வெள்ளைக்காரர்கள் ஊருக்கு எடுத்துப்போக.

மிஷின் என்பது ஓர் இரும்புத் தொட்டி. உள்ளே வட்ட வாள், அதன் விளிம்பில் வைரத்தூள் பதித்திருக்கும். வாளின் அடிப்பாகம் எண்ணெயில் முங்கியிருக்கும். சுற்றுகிற வேகத்தில் எண்ணெயை வாரி மேலே கொண்டுவந்து கல்லைக் குளிர வைக்கும். எண்ணெய் இல்லாவிட்டால் வாளும் போச்சு, கல்லும் போச்சு. ஒரு திருகாணி கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக வாளை நோக்கித் தள்ளும். பெரிய கல்லாக இருந்தால் ஒரு முறை அறுத்து முடிப்பதற்குள் சோற்றை வடித்துக் குழம்பையும் இறக்கிவிடலாம்.

சோறு வடிப்பதும் மிஷினைக் கவனிப்பதும் ஒரே ஆள்தான், ஆனந்தின் மனைவி பெல்சி. கல்லைப் பிடியில் இறுக்கி மூடியைச் சாத்திவிட்டு ஆனந்த் பாலிஷ் போடப் போய்விடுவான், இல்லாவிட்டால் சரக்குக் கொடுக்க வண்டியை எடுத்துவிடுவான். சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெல்சி. சத்தம் மாறினால் கல் நழுவுகிறது என்று அர்த்தம், உடனே சுவிட்சை அணைக்க வேண்டும். முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே, வாயும் ஓயாமல், காதை மட்டும் மிஷினுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். அப்படி ஒரு வாய். அடுத்த தெருச் சண்டையை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாள். அக்டோபர் மாதம் வீட்டுக்கு வீடு செபமாலை சொல்வார்கள். பெல்சி முன்னே சொன்னால் எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி ஓடும், பின்னே சொல்கிறவர்களுக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்று ஆனந்தே கேலி செய்வான்.

அப்போது மிஷினில் டீசல் ஊற்றியிருந்தார்கள். கொல்லையில் தகரக் கொட்டகைக்குள் மிஷின் ஓடும். மூடியின் விளிம்பில் பழைய டியூப் ரப்பரைச் சுற்றி இறுகச் சாத்தியிருப்பார்கள். பெல்சி கொட்டகைக்கு வெளியே, வேப்ப மரத்தடியில், மூக்கையும் வாயையும் பழைய வேட்டித் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படியும் தலைவலி. கை விரல் வெடிக்கும். ஒரு நாள் அவள் வைத்த கெளுத்திமீன் குழம்பை வாயில் வைத்துவிட்டு, "ஏம்மா, இது மீன் குழம்பா, லாரிக்கு ஊத்துறதா?" என்று கேட்டேன். சிரித்தாள். அவளும் அந்த வாடையோடு பழகிப்போயிருந்தாள்.

ஆனியில் மகள் மரிய அனிதாவிடமிருந்து போன் வந்தது. காளையார்கோவிலில் கட்டிக்கொடுத்த பெண். முழுகாமல் இருக்கிறாளாம். பெல்சி கையில் மாவோடு என் கடைக்கே ஓடிவந்து சொன்னாள். அந்தச் சந்தோஷத்தோடு கூடவே வந்தது எண்ணெய்ப் பிரச்சினை.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க" என்று என்னைப் பஞ்சாயத்துக்கு உட்கார வைத்தாள். "தலப்பிரசவம். ஏழாம் மாசம் வளகாப்பு முடிச்சு இங்குட்டுத்தான் கூட்டியாரணும். அவளுக்கு இப்பவே தண்ணி குடிச்சாலும் கொமட்டுதாம். இந்த டீசல் வாடையில எப்புடி வந்து படுப்பா? நாளைக்கிப் பச்சப் புள்ளைய எங்குட்டுக் கெடத்துறது?"

"அதுக்கு மிஷினத் தூக்கிக் கம்மாயிலயா போடச் சொல்ற?" என்றான் ஆனந்த்.

"மிஷின ஆரு போடச் சொன்னா? எண்ணெய மாத்துங்கன்னுதேன் சொல்றேன்."

அந்த வாரமே நேமத்தான்பட்டியிலிருந்து தேனம்மை ஆச்சியின் கார் வந்து நின்றது. தன் வீட்டை ஹோட்டலாக நடத்துகிறவர், ஆனந்துக்குப் பெரிய வாடிக்கை. காரை விட்டு இறங்காமலே ஒரு கல் வில்லையை ஜன்னல் வழியாக நீட்டினார்.

"ஆனந்து, இத மோந்து பாரு. எம்புட்டுக் கழுவியும் போக மாட்டேங்குது. காபி டம்ளர இதுமேல வச்சா காபியே டீசல் வாட அடிக்குதுங்கிறாக. ரூமுக்கு வர்றவுக இத எடுத்து வராந்தாவுல வச்சிர்றாக. மார்கழி சீசனுக்கு எல்லா ரூமுக்கும் புதுசாப் போடணும்னு இருக்கேன். வாட இல்லாமக் குடுத்தா ஒன்கிட்ட வாங்குறேன்."

"குடுத்துருவோம் ஆச்சி" என்றான் ஆனந்த். எப்படி என்று அவனுக்கே தெரியாது.

அதற்கப்புறம்தான் தினம் சாயந்தரம் மகாநாடு. தண்ணீர் ஊற்றலாம் என்றேன் நான். வாளும் திருகாணியும் துருப்பிடித்து இறுகிவிடும் என்றான். லேத் பட்டறைகளில் பால் மாதிரி கலந்து ஊற்றுகிற கூலண்ட் வாங்கிப் பார்த்தான். நம்மூர் வெயிலுக்கு அது கெட்டுப்போய்ச் சாக்கடை நாற்றம் அடித்தது. பழைய டிரான்ஸ்பார்மரில் வடித்த எண்ணெய் மலிவாக வருகிறது என்று காயலான் கடைக்காரன் ஒருவன் ஆசை காட்டினான். அதை நான் கிட்டவே சேர்க்க விடவில்லை. "அது வெசம்டா, தொடாத" என்று சத்தம் போட்டேன். பெல்சி கடலை எண்ணெயைச் சொன்னாள்.

"நாம திங்கிற எண்ணெய், அதுல என்ன கெடுதல் வந்துரும்?"

ஊற்றிப் பார்த்தார்கள். முதலில் சந்து முழுக்க பஜ்ஜிக் கடை வாசம். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். நாள் போகப் போக எண்ணெய் பிசினாக இறுகி, கல்தூளோடு சேர்ந்து வாளை அப்பிக்கொண்டது. சிக்கு வாடை. எறும்பு வேறு. மோட்டார் திணறிச் சூடேறி என் கடைக்குத்தான் வந்தது. தொட்டியைச் சுரண்டிக் கழுவுவதற்குள் புருஷனும் பொண்டாட்டியும் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டார்கள்.

"திங்கிற எண்ணெயாம் திங்கிற எண்ணெய். அடுத்தாப்புல நெய்ய ஊத்தச் சொல்லுவா."

"ஊத்துங்களேன். ஒங்களுக்கு இட்டிலிக்கு இல்லாட்டியும் மிஷினுக்கு ஊத்துங்க."

கடைசியில் மதுரையிலிருந்து சதீஷ்குமார் என்று ஒருவன் வந்தான். பேபி ஆயில், முகத்துக்குப் பூசுகிற க்ரீம் செய்கிற கம்பெனிகளுக்கு எண்ணெய் கொடுக்கிறவன். அவன் கொண்டுவந்த கேனைத் திறந்து கண்ணாடி டம்ளரில் ஊற்றியபோது தண்ணீர் என்றுதான் நினைத்தேன். நிறமில்லை. மோந்தால் ஒன்றுமே இல்லை.

"லிக்விட் பாரபின். வெள்ள எண்ணெய்னு சொல்லுவோம்" என்றான் சதீஷ்குமார். "கெட்டுப் போகாது, துருப்பிடிக்காது, பிசினாகாது. மலச்சிக்கல் உள்ளவங்களுக்கு டாக்டருங்களே குடிக்கக் குடுக்குறது இதுதான்." ஒரு விரலை டம்ளருக்குள் விட்டு எடுத்து நாக்கில் வைத்துக் காட்டினான்.

பெல்சியும் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். "ஆத்தி, ஒண்ணுமே தெரியலண்ணே. தண்ணியாட்டம் இருக்கு."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. விலை டீசலைவிட எக்கச்சக்கம். ஆனந்த் கொஞ்சம்கூடக் கணக்குப் பார்க்கவில்லை. "எம் மக வர்றா, ஊத்துறேன்" என்றான்.

புரட்டாசியில் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. தகரக் கொட்டகை ஒழுகியது. நல்ல எண்ணெயில் மழைத்தண்ணீர் கலந்தால் வீணாகிவிடும் என்று ஆனந்துக்குப் பதைப்பு. வீட்டுக்குள் அடுப்படியை ஒட்டி ஒரு சாமான் அறை உண்டு. ஒரே கதவு, மேலே கையகலத்துக்கு ஒரு காற்றுப் போக்கி. அதில் மிஷினை வைத்துவிடலாம் என்றான். டீசலாக இருந்தால் அப்படி ஒரு யோசனை யாருக்காவது வந்திருக்குமா? இதில்தான் வாடையே இல்லையே. பெல்சிக்கும் அது வசதி. அடுப்பில் உலை கொதிப்பதையும் பார்க்கலாம், மிஷின் சத்தத்தையும் கேட்கலாம். வயரிங் இழுத்து சுவிட்ச் போட்டுக் கொடுத்தது நான்.

முதல் கல்லை ஏற்றினார்கள். பழக்க தோஷத்தில் பெல்சி வேட்டித் துணியை மூக்கோடு கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஆனந்த் அவளைப் பார்த்துச் சிரித்தான். கிட்டப் போய் அவள் பின்கழுத்து முடிச்சைத் தன் கையாலேயே அவிழ்த்தான்.

"இனிமே எதுக்குடி இந்தக் கட்டு? ஒம் மூஞ்சியப் பாத்து எத்தன வருசமாச்சு."

"அண்ணன் நிக்கிறாக" என்று பெல்சி வெட்கப்பட்டுத் துணியைப் பிடுங்கப் பார்த்தாள். அவன் கொடுக்கவில்லை, மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். நானும் என் பங்குக்கு, "கிழவனுக்கு இப்பத்தான் கல்யாண ஆசை வந்துருக்கு" என்று கேலி செய்தேன். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மூடியும் போயிற்று. எண்ணெய் தண்ணீர் போலத் தெளிவாக இருந்ததால் கல்லில் எந்த வளையம் எங்கே திரும்புகிறது என்று கண்ணால் பார்த்து அறுக்க முடிந்தது. மூடியைத் திறந்தே வைத்தார்கள். வில்லைகள் அத்தனை அழகாக வந்தன. சோப்புத் தண்ணீரில் கழுவி மரத்தூளில் புதைத்து எடுத்தால் ஒரு துளி வாடை கிடையாது. ஆச்சிக்கு மனசு குளிர்ந்து இன்னும் கேட்டார். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் அந்த மிஷின் காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் ஓடியது. ஆனந்த் வெளிவேலையாக அலைந்தான். பெல்சி அந்த அறையைவிட்டு நகரவில்லை.

அந்த எண்ணெயை அந்த வீடு கொண்டாடியது. வடிகட்டி மிஞ்சியதைப் பெல்சி சின்னப் பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொண்டு பித்தவெடிப்புக்குப் பூசினாள். எனக்கும் ஒரு பாட்டில் கொடுத்தாள். ஒரு தடவை நான் அறைக்குள் போனபோது டியூப் லைட்டைச் சுற்றி லேசாகப் பனி மூட்டம் போல் மினுங்கியது. சுவரில் கை வைத்தேன், வழுக்கியது. அங்கே மாட்டியிருந்த மாதா படத்தைப் பெல்சி காட்டினாள்.

"மாதா முகம் எப்புடிப் பளபளன்னு ஆயிருச்சு பாத்தீகளாண்ணே? அனிதாவுக்கு நல்லபடியாப் பொறக்கும். எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

கிட்டே போய்ப் பார்த்தேன். கண்ணாடி மேல் எண்ணெய் படிந்திருந்தது. "தொடைச்சு வைம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் செபமாலையைப் பாதி வீடுகளுக்கு அப்புறம் வேறு ஒருத்தி முன்சொல்ல ஆரம்பித்தாள். தொண்டை கட்டிவிட்டது என்றாள் பெல்சி. மார்கழியில் குடம் தூக்கிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொள்வாள். காய்ச்சல் இல்லை. பெரிதாக இருமலும் இல்லை. ஆள் மட்டும் கரைந்துகொண்டே வந்தாள். கிறிஸ்துமஸுக்கு எனக்குப் பலகாரம் கொண்டுவந்தபோது கந்தரப்பத் தட்டை நீட்டிக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றாள். "என்னம்மா, வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டானா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "மேல்மூச்சு... வாங்குதுண்ணே" என்றாள். அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில் அவள் மூச்சு எடுத்ததைக் கேட்டதும் தட்டை வாங்கி வைத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னேன்.

சளி என்று ஓரிடத்தில் மருந்து கொடுத்தார்கள். வேறோர் இடத்தில் ரத்தம் இல்லை என்று டானிக் எழுதினார்கள். தை பிறந்ததும் அனிதாவுக்கு வளைகாப்பு. கூட்டிவரக் காளையார்கோவிலுக்குக் கிளம்பிய அன்று, பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே பெல்சி ரோட்டோரம் சரிந்துவிட்டாள். உதடு நீலமாக இருந்தது. சிவகங்கைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே நுரையீரல் பார்க்கிற டாக்டர் நீலாயதாட்சி. சின்ன வயசுப் பெண், அவசரப்படாமல் பேசுகிறவர். நெஞ்சுக்குள் குழாய் விட்டுத் தண்ணீர் செலுத்தி உறிஞ்சி எடுத்துச் சோதனை செய்தார்கள். அன்று மத்தியானம் டாக்டர் ஒரு கண்ணாடிக் குப்பியோடு கட்டிலருகே வந்தார்.

"மூக்குல எண்ணெய் விடுற பழக்கம் இருக்காம்மா? இல்ல எண்ணெய் வச்சு வாய் கொப்பளிப்பீங்களா?"

பெல்சி ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் தலையை ஆட்டினாள். இல்லை.

"தலைக்குத் தேய்ச்சு முழுகுறதோட சரி டாக்டரம்மா" என்றான் ஆனந்த்.

டாக்டர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தார். "இவங்க நெஞ்சுலேருந்து எடுத்த தண்ணி. மேல பாருங்க."

கலங்கல் தண்ணீர். அதன் மேல் ரசத்தில் தாளித்துக் கொட்டினதுபோல் எண்ணெய் மிதந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. ஆனந்துக்கு இன்னும் புரியவில்லை. பாவி, அவன் அவசர அவசரமாகக் கூடையைத் துழாவி, பெல்சி காலுக்குப் பூசுகிற அந்தச் சின்னப் பாட்டிலை எடுத்து நீட்டினான்.

"எங்ககிட்ட எண்ணெய்னு பாத்தா இது ஒண்ணுதான் டாக்டரம்மா. இது சுத்தமான எண்ணெய். மருந்துக்கே குடுக்குறது. குடிக்கிறது."

டாக்டர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். விரலில் தொட்டுத் தேய்த்தார். "இது எதுக்கு உங்க வீட்டுல?"

சொன்னான். மிஷினைச் சொன்னான், வாளைச் சொன்னான், எண்ணெயை வாரி அடிப்பதைச் சொன்னான். டாக்டர் குறுக்கே ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"மிஷின் எங்க ஓடுது?"

"வீட்டுக்குள்ளதான். மழைக்கு உள்ள எடுத்து வச்சோம்."

"மூடி உண்டா?"

"உண்டு. கல்லுல கோடு பாத்து அறுக்கணும்னு... தொறந்து வச்சிருந்தோம்."

"முகத்துல துணி, மாஸ்க், ஏதாவது கட்டியிருந்தாங்களா?"

ஆனந்தின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. நான் தரையைப் பார்த்தேன். அப்போது பெல்சி மாஸ்க்கை விலக்கினாள்.

"கட்டிட்டுத்தான்... இருந்தேன். வேக்காடா இருக்குன்னு... நாந்தேன் அவுத்துப் போட்டேன். அவுக... வெளிய போயிருந்தாக."

சொல்லிவிட்டு மாஸ்க்கை மூடிக்கொண்டு கண்ணையும் மூடிக்கொண்டாள். அந்தப் பொய்யைச் சொல்ல அவளுக்கு அத்தனை மூச்சு செலவானது. ஆனந்த் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

டாக்டர் கோபப்படவில்லை. "குடிக்கிற எண்ணெய்தான். குடிச்சா குடல் வழியா வெளிய போயிரும். நெஞ்சுக்குள்ள போனா அதுக்கு வெளிய வர வழி கிடையாது. கண்ணுக்குத் தெரியாத தூறலா உள்ள இறங்கி அங்கயே தங்கிடுச்சு. டீசலும் கெடுதல்தான். ஆனா அதோட நெடிக்கு இருமிட்டு வெளிய ஓடியிருப்பாங்க. இது உள்ள போனது மூக்குக்கும் தெரியல, தொண்டைக்கும் தெரியல."

"கழுவி எடுத்துர முடியாதா டாக்டரம்மா? அந்தக் கொழாய விட்டு இன்னும் கொஞ்சம்..."

"முடிஞ்ச அளவு கழுவிட்டோம். மருந்தும் குடுக்குறேன். தழும்பான இடம் பழையபடி ஆகாது. இனிமே அந்த எண்ணெய் பக்கமே போகாம இருந்தா, இருக்குறதக் காப்பாத்திக்கலாம்."

வெளியே வராண்டாவில் ஆனந்த் சுவரோரம் குந்தினான். ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"மாயண்ணே, அவுத்தது நானு."

"தெரியும்டா. நானும்தான நின்னேன்."

"அவ ஏண்ணே அப்புடிச் சொன்னா? என்னைய நாலு வார்த்த வஞ்சிருந்தா ஆறிப்போயிருக்குமே."

தோளில் கை வைத்தேன். அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். வராண்டாவில் போகிறவர்கள் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

அனிதாவுக்குக் காளையார்கோவிலிலேயே, மாமியார் வீட்டிலிருந்தபடிதான் பிரசவம் நடந்தது. பெண் குழந்தை. யாருக்காக எண்ணெயை மாற்றினார்களோ அவள் தாய்வீட்டுக்கு வரவே இல்லை. பெல்சி வீட்டில் ஆக்சிஜன் மிஷினோடு கட்டிலில் கிடந்தாள். பங்குனி வெயிலில் ஒரு மிஷின் நின்று இன்னொரு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. போனில் குழந்தை அழுகிற சத்தத்தைக் கேட்டாள். ஆராரோ பாடச் சொல்லி அனிதா கேட்டபோது போனை ஆனந்திடம் கொடுத்துவிட்டாள்.

நான்தான் வயரைக் கழற்றி மிஷினை வெளியே எடுத்துப் போட்டேன். சாமான் அறைச் சுவரைச் சோடாத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினான் ஆனந்த். மாதா படத்தையும் துடைத்தான். மிஷினை எடைக்குப் போட்டுவிடுகிறேன் என்று காயலான் கடைக்காரனை வரச் சொல்லிவிட்டான். பெல்சிதான் கையை ஆட்டித் தடுத்தாள்.

"வேற என்ன வேல... தெரியும் ஒங்களுக்கு? ஓட்டுங்க. கொட்டகையில... வச்சு ஓட்டுங்க."

"எந்த எண்ணெய ஊத்தி ஓட்டச் சொல்ற? எனக்கு எண்ணெயப் பாத்தாலே ஈரக்கொல நடுங்குது."

"டீசல ஊத்துங்க."

"பைத்தியமா ஒனக்கு? ஆச்சி வாங்க மாட்டாக."

"ஆச்சி வாங்காட்டி... வேற ஆளு. நாறணும்ங்க. நாறுனாத்தேன்... நானும் ஒதுங்குவேன். நீங்களும்... மூடி வப்பீக."

இதைச் சொல்லி முடிக்க அவளுக்கு நாலு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அவள் முடிக்கிற வரைக்கும் காத்துக்கொண்டு நின்றோம். பேச்சில் அவளை முந்த முடியாமல் திண்டாடின காலம் போய், அவளுக்காகக் காத்து நிற்கிற காலம் வந்துவிட்டது. டீசலும் நல்லதில்லை என்று டாக்டர் சொன்னது எங்களுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் இனி வாடையில்லாத எதையும் நம்ப யாருக்கும் தைரியம் இல்லை.

ஆனந்த் கொட்டகைக்குப் புதுத் தகரம் போட்டான். நாலு பக்கமும் காற்றுக்குத் திறந்துவிட்டான். மூடிக்குப் புது ரப்பர் ஒட்டினான். கல்லை ஏற்றினதும் மூடியைச் சாத்தி அதன் மேல் ஒரு பாறாங்கல்லைத் தூக்கி வைத்துவிடுவான். மூக்கோடு சேர்த்து அதே வேட்டித் துணியைக் கட்டிக்கொண்டு வேப்ப மரத்தடியில் தானே உட்கார்ந்திருப்பான். அவனுக்குப் பெல்சியின் காது கிடையாது. கற்கள் நழுவி உடைந்தன. உடைந்ததைப் பொறுக்கி ஓரமாகக் கொட்டிவிட்டு அடுத்த கல்லை ஏற்றுவான்.

சித்திரையில் ஒரு நாள் சாயந்தரம் அனிதா குழந்தையோடு வந்தாள். வருகிறாள் என்று தெரிந்து ஆனந்த் மத்தியானமே மிஷினை நிறுத்திவிட்டான். ஆனாலும் டீசல் வாடை எங்கே போகும்? அந்தச் சந்து முழுக்க நின்றது. ஆட்டோ சந்துக்குள் திரும்பியதைப் பார்த்து நானும் கடையை விட்டுப் பின்னாலேயே வந்தேன். பெல்சி வாசலுக்கு நேரே நாற்காலியில், மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்தே அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாளாம்.

ஆட்டோவிலிருந்து இறங்கின அனிதா வாசல் கேட்டிலேயே நின்றுவிட்டாள். மூக்கைச் சுளித்தாள். சட்டென்று முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தைப் போர்த்தினாள். உடனே அம்மா பார்த்துவிட்டாளே என்று அவள் முகம் சுருங்கிப்போயிற்று.

"அம்மா, தப்பா நெனைக்காதம்மா. டீசல் நெடி ஆளத் தூக்குது. பிள்ளைக்கு ஒத்துக்கிருமோ என்னமோன்னு..."

பெல்சியின் முகத்தில் நான் எத்தனையோ மாதமாகப் பார்க்காத ஒரு வெளிச்சம் வந்தது. கையை உயர்த்தி ஆட்டினாள்.

"மூடு" என்றாள். மூச்சு எடுத்தாள். "நல்லா மூடுத்தா. மூக்கோட... சேத்து மூடு."

அனிதா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆனந்த் கொட்டகை வாசலிலேயே முகத்தில் கட்டின துணியோடு நின்றான். பேத்தியை அவன் இன்னும் பார்க்கவில்லை.

"அப்பா, வாங்க. வந்து பிள்ள மூஞ்சியப் பாருங்க" என்று உள்ளேயிருந்து அனிதா கூப்பிட்டாள்.

அவன் ஓர் அடி எடுத்து வைத்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"மூடியே இருக்கட்டும்த்தா" என்றான் துணிக்குள்ளிருந்து. "நான் அப்புறம் பாத்துக்கிறேன்."